குறுக்கே ஒரு குழாய்: வீட்டுக் கொட்டகையில் கட்டப்படும் சேஸிஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டடிக்கு நான்கடி மரத்தூள் பலகை ஒன்று. அதன்மேல் பென்சிலால் இழுத்த நடுக்கோடு. கோட்டுக்கு இருபுறமும் ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய்கள். அவை நகராதிருக்கச் சுற்றிலும் திருகிய சிறு மரக்கட்டைகள். 1996க்குப் பிறகு இங்கிலாந்தில் தொடங்கி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா என்று எத்தனையோ வீட்டுக் கொட்டகைகளில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். உள்ளே நிற்க வேண்டிய குடும்பக் கார் வெளியே மழையில் நனைந்துகொண்டிருக்கும். உள்ளே ஒருவர் முகமூடியைத் தூக்குவதும் இறக்குவதுமாக இன்னொரு காரின் எலும்புக்கூட்டைப் பற்றவைத்துக்கொண்டிருப்பார்.

அந்த எலும்புக்கூட்டுக்கு லோகாஸ்ட் என்று பெயர். மலிவு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் லோட்டஸ் என்ற கார் பெயரும் அதில் ஒட்டிக் கிடக்கின்றன. இங்கிலாந்தின் ஆவுண்டில் பள்ளியில் பணியாற்றிய ரான் சாம்பியன் 1996இல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் எழுதினார். 250 பவுண்டு செலவில் உங்கள் விளையாட்டுக் காரை நீங்களே கட்டுங்கள் என்பது அதன் தலைப்பின் சாரம். ஹேய்ன்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. குழாய்களுக்கு எழுத்துகளால் பெயர், ஒவ்வொன்றுக்கும் நீளம், வெட்டும் கோணம், எது முதலில், எது பிறகு என்ற வரிசை எல்லாம் அதில் இருந்தன. சமையல் குறிப்பு போலப் படித்துக்கொண்டே செய்யலாம்.

சமையல் குறிப்புக்கு உரிய ஆபத்தும் அதில் இருந்தது. இத்தனை உப்பு என்று எழுதியிருக்கும், ஏன் இத்தனை என்று எழுதியிருக்காது. இந்தச் சேஸிஸைக் கட்டியவர்கள் சறுக்கிய இடங்களைக் கவனித்தால் வெல்டிங் தெரியாமல் சறுக்கியவர்கள் குறைவு. ஒரு குழாய் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, அல்லது ஏன் இல்லை என்று கேளாமல் சறுக்கியவர்களே மிகுதி. அந்தக் கேள்விக்கு விடை தேட 1948இல் இருந்த இன்னொரு கொட்டகைக்குப் போக வேண்டும்.

முதல் கொட்டகை

பின்னாளில் லோட்டஸ் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மன் அப்போது லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். படிப்புக்கு நடுவே பழைய கார் வாங்கி விற்கும் தொழில். 1947 அக்டோபரில் தனியார் கார்களுக்கான அடிப்படைப் பெட்ரோல் ரேஷனை அரசு நிறுத்தியதும் வாங்க ஆளில்லை, தொழில் படுத்துவிட்டது. விற்காமல் கையில் தங்கிய வண்டிகளில் ஒன்று பழைய ஆஸ்டின் செவன். பிற்பாடு மனைவியான ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அதைப் பிரித்துப்போட்டார். அலுமினியத் தகடு ஒட்டிய பிளைவுட்டால் புதிய உடல் கட்டினார். லோட்டஸ் மார்க் ஒன்று அப்படிப் பிறந்தது.

ஆஸ்டின் செவனின் அடிச்சட்டம் ஆங்கில எழுத்து ‘ஏ’ வடிவில் இருக்கும். இரண்டு பக்கச் சட்டங்களும் ஒருபுறம் திறந்த வாய்க்கால் போன்ற தகடுகள். இப்படித் திறந்த வடிவம் முறுக்கைத் தாங்காது. ஒரு சிறிய சோதனையிலேயே இது தெரிந்துவிடும். செய்தித்தாளைச் சுருட்டி, ஓரத்தைப் பசையால் ஒட்டிக் குழலாக்கி, இரு முனையையும் பிடித்து ஈரத்துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். கை வலிக்கும். பிறகு அதே குழலை நீளவாக்கில் பிளேடால் ஒரு கீறு கீறிவிட்டு முறுக்குங்கள். காகிதம் குறையவில்லை, எடை குறையவில்லை. ஆனால் விறைப்பு எங்கோ போய்விட்டது. ஓர் அங்குல விட்டமும் 1.6 மில்லிமீட்டர் சுவரும் உள்ள வட்டக் குழாய்க்குக் கணக்குப் போட்டால், அந்த ஒரு கீறல் முறுக்கு விறைப்பை ஏறத்தாழ 160இல் ஒரு பங்காகக் குறைத்துவிடுகிறது.

சாப்மனுக்கு இது பாடப்புத்தகத்தில் படித்த விஷயம். 1951இல் 750 மோட்டார் கிளப் நடத்திய பந்தயங்களுக்காக அவர் கட்டிய மார்க் மூன்றில் ஆஸ்டினின் திறந்த சட்டங்களைத் தகடு வைத்து மூடிப் பெட்டியாக்கினார். 1952இல் வந்த மார்க் ஆறில் ஆஸ்டின் சட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டார். மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகக் கோத்த முழுச் சட்டகம் அது. வெறும் சட்டகத்தின் எடை 55 ராத்தல், அதாவது 25 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டையில் பாதி. அதன்மேல் ரிவெட் அடித்த அலுமினியத் தகடுகள் அழகுக்கு மூடியவை அல்ல, அவையும் பாரத்தில் பங்கு வாங்கின.

1957இல் வந்த லோட்டஸ் செவன் அதன் வாரிசு. 1960இல் வந்த இரண்டாம் வரிசையில் செலவைக் குறைக்கச் சில குழாய்களை எடுத்துவிட்டார்கள். 1973இல் உற்பத்தி உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது, இன்றும் அந்த வடிவம் விற்பனையில் இருக்கிறது. ரான் சாம்பியன் பார்த்து வரைந்தது இந்தக் குடும்ப முகத்தைத்தான். ஆனால் லோட்டஸில் மெல்லிய குழாயும் அலுமினியத் தோலும் சேர்ந்து செய்த வேலையை, லோகாஸ்டில் சதுரக் குழாயும் பற்றவைத்த இரும்புத் தரைத்தகடும் செய்ய வேண்டியிருந்தது. பார்வைக்கு ஒன்றுபோல் தெரிந்தாலும் பாரம் இறங்கும் வழி வேறாகிவிட்டது.

வரி, துரு, 250 பவுண்டு

இந்தக் கதையில் பொறியியலுக்குச் சமமாகப் பணமும் ஓடுகிறது. அந்நாளைய பிரிட்டனில் முழுக் கார் வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. உதிரியாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. லோட்டஸ் தன் கார்களை உதிரிகளாக விற்றதற்கு இதுவே காரணம். பூட்டும் வழிமுறை கொடுத்தால் வரிவிதி குறுக்கிடும் என்பதால், கழற்றும் வழிமுறையை அச்சிட்டுக் கொடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்களாம். உண்மையோ பொய்யோ, செவன் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லாமல் விடமாட்டார். 1973இல் கொள்முதல் வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகையும் முடிந்தது.

சாம்பியனின் கணக்கு நின்றது வரியின்மேல் அல்ல, துருவின்மேல். ஃபோர்டு எஸ்கார்ட் கார்களின் முதல் இரண்டு தலைமுறைகள் 1990களில் உடல் அரித்து ஆண்டுப் பரிசோதனையில் தேறாமல் விழுந்துகொண்டிருந்தன. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு, ஸ்டியரிங் எல்லாம் நல்ல நிலையில், உடல் மட்டும் சல்லடை. அப்படி ஒரு காரைக் குப்பை விலைக்கு வாங்கி, ஓடும் பாகங்களை எடுத்துக்கொண்டு, ஓட்டைத் தகட்டை எடைக்குப் போட்டால்தான் அந்த 250 பவுண்டு. புதிய டயரும் பெயின்டும் பிரேக் குழாயும் வாங்கும்போதே கணக்கு உதைக்கும். கட்டி முடித்தவர்களில் பெரும்பாலோர் அதைப்போலப் பல மடங்கு செலவழித்திருக்கிறார்கள். தலைப்பை நம்பி இறங்கியவர்களின் வீட்டில் நடந்த உரையாடல்களை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

பிறகு காற்று திசை மாறியது. பழைய எஸ்கார்ட் சேகரிப்புப் பொருளாகி விலை ஏறியது. பாகங்களைத் தரும் கொடையாளிக் கார் கிடைக்காவிட்டால் லோகாஸ்ட் ஏது? 2007இல் கிறிஸ் கிப்ஸ் என்பவர் ஃபோர்டு சியெராவின் பாகங்களுக்கு ஏற்றபடி, பின்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்போடு, புதிய வரைபடம் கொடுத்தார். கொடையாளி மாறியதும் சட்டகத்தின் பின்பாதி முழுவதும் மாறியது. வீட்டில் சேஸிஸ் கட்ட நினைப்பவர்கள் இந்த வரிசையை மனத்தில் வைக்க வேண்டும்: முதலில் பாகங்கள், அப்புறம்தான் குழாய். கியர்பாக்ஸ் தரையில் கிடக்காமல், இருக்கைகளுக்கு நடுவே அதை மூடி ஓடும் நடுத்தண்டின் அகலத்தை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது.

பலகைமேல்

கட்டும் வேலைக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பலகை மட்டமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ரசமட்டம் வைத்து நான்கு மூலையும் பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் அடியில் ஆப்பு வைத்து, அதன்பிறகு அதை நகர்த்தவே கூடாது. நடுக்கோட்டிலிருந்துதான் எல்லா அளவும். ஒரு குழாயின் விளிம்பிலிருந்து அடுத்ததை அளந்துகொண்டே போனால் ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் பிசகு சேர்ந்து, மூக்குக்குப் போவதற்குள் ஒரு விரல் அகலம் தப்பிவிடும். அடிச்சட்டம் படுத்ததும் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் சதுரம். கொத்தனார் மனை பிரிக்கும்போது செய்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

பிறகு பொட்டு. ஒவ்வொரு மூட்டிலும் இரண்டு மூன்று சிறு பொட்டு வெல்டு மட்டும் வைத்து, முழுச் சட்டகத்தையும் நிமிர்த்திய பிறகே முழு வெல்டிங். காரணம் எளிது. உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குகிறது, சுருங்கும்போது குழாயைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒரு மூட்டின் வலப்புறம் வெல்டு வைத்தால் உடனே அதன் இடப்புறம் அல்ல, சட்டகத்தின் எதிர்மூலைக்குப் போய் அங்கே ஒன்று வைக்க வேண்டும். திரும்பி வருவதற்குள் இது ஆறியிருக்கும். நடை அதிகம்தான்.

இதை நான் சொந்தச் செலவில் கற்றேன். மாணவர்களுடன் கட்டிய முதல் சட்டகத்தில், இடப்பக்கம் முழுவதையும் ஒரே மாலையில் பற்றவைத்துவிட்டு மறுநாள் வலப்பக்கம் என்று திட்டமிட்டோம். காலையில் கிளாம்ப்களைக் கழற்றியதும் முன்மூலை ஒன்று பலகையைவிட்டு எழுந்து நின்றது. சுண்டுவிரல் உள்ளே நுழைந்தது. பக்கத்துத் தெருவில் கேட்டும் கிரில்லும் செய்யும் பட்டறைக்காரரை அழைத்து வந்து காட்டினோம். அவர் குனிந்து ஒரு பார்வை பார்த்தார். “ஒரே பக்கமாகச் சுட்டுக்கொண்டு போயிருக்கிறீர்கள், சார். அது வளையாமல் வேறு என்ன செய்யும்?” என்றார். பதினைந்து வருடம் இரும்பில் படித்தவரிடம் முதல் நாளே கேட்டிருக்கலாம். பாதி மூட்டுகளை அறுத்து மறுபடி பொட்டு வைத்தோம்.

மூட்டில் இடைவெளி விடுவதும் அதே வினையைத் தருகிறது. குழாயை ஒன்றரை மில்லிமீட்டர் குட்டையாக வெட்டிவிட்டு வெல்டிங்கில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைப்பது பெரிய சோம்பேறித்தனம். நிரப்பிய உலோகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சுருக்கம். முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் செங்குத்துக் குழாய்களில்தான் இந்தச் சோதனை கடுமை. எஃப்.யு. என்ற பெயரில் வரும் அவை முன்புறமாகவும் பக்கவாட்டிலும் ஒரே நேரத்தில் சாய்ந்தவை. இரண்டு கோணம் சேர்ந்த வெட்டு ரம்பத்தில் ஒரே முறையில் வராது. சற்றுக் கூடுதலாக வெட்டி, அரத்தால் தேய்த்து, பொருத்திப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். அந்த நான்கு குழாய்களுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

நம் ஊரில் இதைப் படித்துவிட்டு ஜி.ஐ. குழாய் வாங்கி வருகிறவர்கள் உண்டு, துருப்பிடிக்காதே என்று. துத்தநாகப் பூச்சின்மேல் வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகை அன்றிரவே குளிர்காய்ச்சலில் படுக்கவைத்துவிடும், வெல்டும் துளைதுளையாக வரும். கறுப்புக் குழாய்தான் சரி. மூட்டுப் பகுதியில் மட்டும் கறுப்புத் தோலைத் தேய்த்து வெள்ளி நிறம் காட்ட வேண்டும். பற்றவைத்து முடிந்த மூட்டை கிரைண்டரால் தேய்த்துப் பளபளப்பாக்குவது இன்னொரு ஆசை. தேய்ந்து போவது அழகற்ற மேடு அல்ல, மூட்டின் பலம்.

சஸ்பென்ஷன் பிராக்கெட்டுகளைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். சக்கரத்தைச் சட்டகத்தோடு இணைக்கும் கையான விஷ்போனின் மூட்டில் இருக்கும் புஷ் என்ற உருளையின் அளவுக்குச் சரியாக வெட்டிய குழாய்த் துண்டு ஒன்றை இரண்டு பிராக்கெட்டுகளுக்கு நடுவே வைத்து, நீள போல்ட்டைக் கோத்து இறுக்கி, அந்த நிலையிலேயே பற்றவைத்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நிற்கும். கண்ணளவில் வைத்தால் புஷ் ஏறாது. சுத்தியலால் ஏற்றினால் ஏறிவிடும், பிறகு ஒவ்வொரு மேட்டுப் பள்ளத்திலும் பிராக்கெட்டின் அடியை நெம்பிக்கொண்டே இருக்கும்.

செருப்புப் பெட்டிக் கணக்கு

நான்கு சட்டங்களை ஆணியடித்துச் செய்த படல் நாலு நாளில் சாய்சதுரமாகத் தொங்கிவிடும். மூலைக்கு மூலை ஒரு குச்சியைக் குறுக்கே வைத்து அடித்தால் தொங்காது. முக்கோணம் ஆகிவிட்டால், பக்கத்தின் நீளம் மாறாமல் வடிவம் மாற முடியாது. குழாய்ச் சட்டகத்தின் முழுத் தத்துவமும் இந்தப் படலில் இருக்கிறது. குழாய் வளைவதற்கு எளிது, நீள்வதற்கும் சுருங்குவதற்கும் மிகக் கடினம். ஆகவே எந்தக் குழாயையும் வளைக்காமல், இழுக்கவோ அழுத்தவோ மட்டும் செய்யும்படி கோக்க வேண்டும். பாரமும் குழாயின் நடுவில் அல்லாமல் குழாய்கள் கூடும் இடத்தில் வந்து இறங்க வேண்டும்.

சேஸிஸுக்கு இதை விரித்தால் செருப்புப் பெட்டி. மூடி போட்டு முறுக்கினால் பெட்டி எதிர்க்கும், மூடியை எடுத்தால் தளதளக்கும். மேற்புறம் திறந்ததும் அது கீறிய குழல் ஆகிவிடுகிறது. இந்தக் காரில் அந்தக் கீறல் இரண்டு இடத்தில் விழுகிறது. மனிதர் இறங்கி உட்கார வேண்டிய இடம் ஒன்று. அங்கே பக்கவாட்டுச் சட்டங்களும் நடுத்தண்டும் தரைத்தகடும் ஓரளவு ஈடுகட்டுகின்றன. எஞ்சின் அறை மற்றொன்று. எஞ்சினை மேலே தூக்கி எடுக்க வேண்டும் என்பதால் மேலே குறுக்குக் குழாய் இல்லை. கீழே எண்ணெய்த் தொட்டி இறங்கியிருப்பதால் அங்கேயும் தகடு இல்லை. பக்கவாட்டில் மட்டும் குறுக்குக் குழாய்கள்.

முறுக்கு முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரத்துக்கு எல்லா அறைகளையும் தாண்டித்தான் போக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சுருள்வில்களைப் போல, ஒவ்வோர் அறையின் நெகிழ்வும் கூட்டலில் சேர்கிறது. மிகத் தளர்ந்த அறையை விட்டுவிட்டு மற்றவற்றை எவ்வளவு இறுக்கினாலும் கூட்டுத்தொகை அசையாது. கட்டியவர்களில் கணினியில் ஆராய்ந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டியதும் இந்த எஞ்சின் அறையைத்தான். ஆஸ்திரேலியாவில் தனியாகக் கட்டிய காரைப் பதிவு செய்ய, சேஸிஸை முறுக்கிப் பார்த்து விறைப்பை நிரூபிக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளபடியே கட்டினால் போதாது என்று கூடுதல் குழாய்களை அங்குள்ளவர்கள் சேர்த்தது அதனால்தான்.

இங்கேதான் நம் ஆட்கள் எல்லோருக்கும் வரும் சந்தேகம். “எதற்கு வம்பு? கொஞ்சம் கனமான குழாயாகப் போட்டுவிடலாமே?” கணக்குப் போடுவோம். ஓர் அங்குலச் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் சுவர்: மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ. அதே வெளியளவில் 3 மில்லிமீட்டர் சுவர்: 2.1 கிலோ. எடை முக்கால் பங்கு கூடியது. வளைவை எதிர்க்கும் திறனோ அறுபது சதவீதத்துக்குக் கீழேதான் கூடியது. சட்டகத்தில் நாற்பது மீட்டர் குழாய் என்று வைத்தால் முப்பத்தைந்து கிலோ கூடுதல், அதாவது மார்க் ஆறின் முழுச் சட்டகத்தையும்விட அதிகம். ஒரு மீட்டர் நீளக் குறுக்குக் குழாய் ஒன்றுக்கு ஆகும் எடை 1.2 கிலோ. எங்கே போடுவது என்று யோசித்தால் போதும்.

விறைப்பை வீட்டிலேயே அளக்கவும் முடியும். பின்பக்கத்தை இரண்டு கனமான முட்டுகளில் இறுக்கிக் கட்டுங்கள். முன்பக்கம் நடுவில் மட்டும் ஒரு முட்டு. முன் சஸ்பென்ஷன் இருக்கும் இடத்தில் குறுக்காக ஒரு நீள இரும்பைக் கட்டி, நடுவிலிருந்து 1.25 மீட்டர் தள்ளி 60 கிலோ எடையைத் தொங்கவிடுங்கள். அரிசி மூட்டையும் ஆகும், ஒல்லியான நண்பரும் ஆவார். முறுக்கு விசை ஏறத்தாழ 735 நியூட்டன் மீட்டர். நடுவிலிருந்து 500 மில்லிமீட்டர் தள்ளி வைத்த டயல் அளவி 4.4 மில்லிமீட்டர் இறக்கம் காட்டினால் சட்டகம் அரைப் பாகை முறுக்கியிருக்கிறது, அதாவது பாகைக்கு 1,470 நியூட்டன் மீட்டர். பின்முட்டு அசைகிறதா என்று அங்கேயும் ஓர் அளவி வைத்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இதை மறந்தால் சட்டகத்தின் குற்றத்தோடு முட்டின் குற்றமும் சேர்ந்துவிடும்.

அந்த எண் போதுமா என்பதற்குச் சுருள்வில்தான் பதில் சொல்லும். சக்கரத்தில் மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் விறைப்பு, சக்கரங்களுக்கிடையே 1.3 மீட்டர் என்று எடுத்தால், ஓர் அச்சின் சாய்வு எதிர்ப்பு பாகைக்கு 370 நியூட்டன் மீட்டர் அளவில் வருகிறது. சட்டகம் அதைப்போல நான்கு மடங்கு. தெருவில் ஓட்டும் இலேசான காருக்கு இது ஒத்துப்போகும். செவன் வகைக் கார்கள் சுமாரான விறைப்போடும் வளைவுகளில் நன்றாகப் போனதன் இரகசியம் இதுதான். அரை டன் அளவுக்குக் கார், மெல்லிய வில், எனவே சட்டகத்திடம் கேட்பதும் கொஞ்சம். அதே சட்டகத்தில் பெரிய எஞ்சினும் இரட்டிப்பு விறைப்புள்ள வில்லும் வைத்தால் சட்டகமே ஐந்தாவது வில் ஆகிவிடும். அந்த வில்லைச் சரிசெய்யத் திருகு எதுவும் கிடையாது.

அகலம் கூட்டியவர்கள்

மூலவடிவம் ஒடுங்கியது. தோள் அகன்றவர் இருவர் உட்கார்ந்தால் ஒருவர் கையை வெளியே விட வேண்டும். ஆகவே நான்கு அங்குலம் அகலம், நான்கு அங்குலம் நீளம், இரண்டு அங்குலம் உயரம் கூட்டிய ஒரு மாற்று வரைபடம் கட்டுபவர்களிடையே பரவியது. 442 என்றால் எல்லோருக்கும் தெரியும்.

குழாய்களை நீளமாக வெட்டுவது எளிதுதான். ஸ்டியரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் குறுக்குத் தண்டான ராக் எஸ்கார்ட்டிலிருந்து வந்ததாயிற்றே, அது நீளுமா? ராக்கின் முனைப் பந்துமூட்டும் விஷ்போன்களின் உள்மூட்டுகளும் ஒரே கோட்டுக்கு ஒத்து இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் ஏறி இறங்கும்போது இரண்டும் ஒத்த வட்டத்தில் சுற்றும். சட்டகத்தை அகலப்படுத்தி ராக்கை அப்படியே விட்டால் வட்டங்கள் பிரிந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம், ஸ்டியரிங்கை யாரும் தொடாமலே சக்கரம் திரும்பும். இதற்கு பம்ப் ஸ்டீர் என்று பெயர். ராக்கின் இருமுனையிலும் லேத்தில் கடைந்த நீட்டிப்புத் துண்டுகளைப் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும். நான்கு அங்குலத்தைக் கூட்டிய கை, அதன் விளைவு எட்டும் இடத்தையும் தேடிப் போக வேண்டியிருந்தது.

பதிவு எண்

பிரிட்டனில் 1998 முதல் இத்தகைய ஒற்றைக் கார்களுக்கென்று தனிச் சோதனை இருந்தது. 2009இல் அது ஐ.வி.ஏ. (தனி வாகன ஒப்புதல்) என்ற கடுமையான சோதனையாக மாறியது. வெளியே நீட்டிய எந்த விளிம்பும் 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறையக் கூர்மையாக இருக்கக்கூடாது என்பது வரை பார்க்கிறார்கள். தேறினால் சாலையில் ஓட்டலாம். சாலை வேண்டாம் என்பவர்களுக்குப் பந்தயம் உண்டு. 750 மோட்டார் கிளப் லோகாஸ்டுகளுக்கென்றே ஒரு தொடர் பந்தயம் நடத்துகிறது. ஆம், 1951இல் சாப்மனின் மார்க் மூன்று ஓடிய அதே கிளப்.

இந்தியாவில் அந்த வாசல் இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த வடிவத்தை மாற்றுவதையே தடுக்கிறது. புதிய வாகனம் என்றால் பெரிய நிறுவனங்கள் போகும் மாதிரி ஒப்புதல் வழியில்தான் போக வேண்டும். ஒரு காருக்காக யார் அதைச் செய்வார்? எனவே இங்கே வீட்டுச் சட்டகத்துக்குப் போக்கிடம் மூடிய தடம்தான். கோவையில் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். இன்று செட்டிபாளையத்தில் அவர் பெயரில் உள்ள கரி தடத்தில் கல்லூரி மாணவர்கள் தாங்களே பற்றவைத்த சட்டகங்களைக் கொண்டுவந்து ஓட்டுகிறார்கள். சாலைக்கு என்று ஆசைப்பட்டு மூன்று வருடம் உழைத்துவிட்டு, பதிவு அலுவலகத்தில் கைவிரித்த பிறகு சட்டகத்தை மாடியில் வைத்திருப்பவர் ஒருவரை எனக்குத் தெரியும். கொடி கட்டித் துணி உலர்த்துகிறார்கள்.

எஞ்சினுக்கு மேலே

எஞ்சின் அறையின் மேல்புறத்தை மூடினால் எஞ்சின் வெளியே வராது, மூடாவிட்டால் சட்டகம் தளர்கிறது. இந்த முடிச்சுக்குக் கட்டியவர்கள் கண்ட தீர்வு பழைய படல் தீர்வுதான். குறுக்கே ஒரு குழாய், ஆனால் பற்றவைக்காமல் கழற்றத்தக்கதாக. இரு முனையிலும் கனத்த தகட்டுக் காது, சட்டகத்தின் மூலையில் அதற்கேற்ற பிராக்கெட், இறுக்கமாகப் பொருந்தும் போல்ட். துளையில் கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் அந்தக் கால் மில்லிமீட்டர் நகரும்வரை குழாய் சும்மா இருக்கும். ஆகவே துளையைச் சற்றுக் குறைவாகப் போட்டு, ரீமர் விட்டுச் சரியளவுக்குக் கொண்டுவர வேண்டும். கார்புரேட்டர் இடித்தால் குழாயை வளைக்கக் கூடாது. வளைந்த குழாய் இழுத்தால் நிமிரும், அழுத்தினால் இன்னும் வளையும், எதற்கும் உதவாது. எதிர்மூலைக்கு மாற்றிப் பார்க்கலாம், அல்லது ‘வி’ வடிவில் இரண்டு குட்டைக் குழாய்களாகப் பிரிக்கலாம்.

எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். எஞ்சினை இறக்க வேண்டிய நாளில் கழற்ற வேண்டியவை இரண்டு போல்ட்டுகள்.